பிரேக் முன்கூட்டியே தேய்ந்தால் செலவு யாருடையது? கார் உரிமையாளர்கள் அறிய வேண்டிய விதிகளும் வழிமுறைகளும்

புது தில்லி:

புதிய கார் வாங்கிய ஓரிரு ஆண்டுகளுக்குள் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்றும், அது தேய்மானப் பொருள் என்பதால் உத்தரவாதத்தில் வராது என்றும் சர்வீஸ் சென்டரில் கூறப்படும் பதில் கார் உரிமையாளர்கள் பலருக்கும் பழக்கமானது. அந்தப் பதிலை ஏற்றுப் பணம் செலுத்திவிட்டுத் திரும்புவோரே அதிகம். சில நேரங்களில் அந்தப் பதில் சரியானதே. வேறு சில நேரங்களில், காரின் உற்பத்திக் குறைபாட்டுக்கோ சர்வீஸ் சென்டரின் கவனக்குறைவுக்கோ உரிய செலவு உரிமையாளரின் தலையில் விழுந்துவிடுகிறது.

எந்தப் பாகம் தேய்ந்தது என்பதும், அது ஏன் தேய்ந்தது என்பதும் இரு வேறு கேள்விகள். உத்தரவாத நிபந்தனைகளில் உள்ள தேய்மான விலக்கு முதல் கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது. இரண்டாவது கேள்விக்கான விடை, கழற்றி எடுக்கப்படும் பழைய பாகத்திலேயே பெரும்பாலும் பதிந்திருக்கிறது. அந்தப் பாகம் குப்பைக்குப் போவதற்கு முன் உரிமையாளர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே பின்னர் எழும் தகராறின் முடிவு அமைகிறது.

பிரேக் தேய்வது எவ்வாறு?

பிரேக் பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் உருவாகும் அழுத்தம், பிரேக் ஆயில் வழியாக ஒவ்வொரு சக்கரத்தையும் அடைகிறது. டிஸ்க் பிரேக்கில் இந்த அழுத்தம் காலிப்பரில் உள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. சுழலும் டிஸ்க்கை இருபுறமும் பேட்கள் கவ்விப் பிடிக்கின்றன. உராய்வினால் காரின் வேகம் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. ஒவ்வொரு முறையும் பேட்டின் உராய்வுப் பொருள் சிறிதளவு தேய்கிறது. சிறிய கார்கள் பலவற்றில் பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக் உள்ளது. அங்கே பேட் செய்யும் வேலையை பிரேக் ஷூ செய்கிறது.

புதிய பேட் ஒன்றின் உராய்வுப் பகுதி பொதுவாக 10 முதல் 12 மி.மீ. வரை தடிமன் கொண்டது. அது 3 மி.மீ. அளவுக்குக் குறையும்போது மாற்றிவிடுவது வழக்கம். டிஸ்க்குக்கும் குறைந்தபட்சத் தடிமன் உண்டு. அந்த அளவு பெரும்பாலும் டிஸ்க்கின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும்.

பேட்கள் பொதுவாக 30,000 முதல் 60,000 கி.மீ. வரை உழைக்கும். இது உறுதியான கணக்கன்று. நெரிசல் மிகுந்த நகரம், மலைப்பாதை, அதிகச் சுமை ஆகியவை ஆயுளைக் குறைக்கும். நெடுஞ்சாலைப் பயணம் அதைக் கூட்டும். பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்னோக்கிச் சாய்வதால் முன்சக்கர பேட்கள் விரைவாகத் தேய்வதும் இயல்பே. ஆயினும், சாதாரணப் பயன்பாட்டில் 10,000 அல்லது 15,000 கி.மீ.க்குள் பேட் முழுவதும் தேய்ந்துவிட்டால் காரணம் கேட்பதற்கு உரிமையாளருக்கு நியாயம் உண்டு.

தேய்மானத்தின் வடிவம் கூறும் காரணம்

விரைவான தேய்மானத்துக்குச் சர்வீஸ் சென்டர்கள் கூறும் முதல் காரணம், ஓட்டுநரின் பழக்கம். பிரேக் மீது காலை வைத்தபடியே ஓட்டுவது, மலை இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டுமே நம்புவது, திடீர் திடீரென நிறுத்துவது ஆகியவை பேட்டை உண்மையிலேயே விரைவில் தேய்க்கும். ஆனால் அவ்வாறு தேயும்போது இடப்பக்கச் சக்கரமும் வலப்பக்கச் சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவில் தேய வேண்டும். மிதிப்பது ஒரே கால்; பெடலும் ஒன்று. சாதாரணமாகப் பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரங்கள் இரண்டுக்கும் செல்லும் அழுத்தமும் ஒன்றே.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். புதிதாக இருந்தபோது 11 மி.மீ. தடிமன் கொண்ட முன்சக்கர பேட்கள், 18,000 கி.மீ. ஓடிய பின் வலப்பக்கத்தில் 8 மி.மீ. அளவிலும், இடப்பக்க உட்புற பேட் மட்டும் 2 மி.மீ. அளவிலும் இருப்பதாகக் கொள்வோம். வலப்பக்கத்தில் 3 மி.மீ. தேய்ந்த அதே தூரத்தில் இடப்பக்க உட்புறத்தில் 9 மி.மீ. தேய்ந்திருக்கிறது. இந்த மும்மடங்கு வேறுபாட்டை ஓட்டும் பழக்கத்தால் விளக்க இயலாது. இடப்பக்கச் சக்கரத்தின் பிரேக் அமைப்பில் ஏதோ ஒன்று சரியாக இயங்கவில்லை என்பதையே அது காட்டுகிறது.

உட்புற பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் சந்தேகிக்க வேண்டியது காலிப்பரை. பெரும்பாலான கார்களில் பிஸ்டன் உட்புறத்தில் மட்டுமே இருக்கும். காலிப்பர் இரண்டு பின்களின் மீது நகர்ந்து வெளிப்புற பேட்டை இழுத்து அழுத்தும். அந்தப் பின்களில் கிரீஸ் வற்றினாலோ துரு ஏறினாலோ காலிப்பர் நகராது. அப்போது உட்புற பேட் மட்டுமே வேலை செய்து தேயும். பிரேக்கை விட்ட பிறகும் பிஸ்டன் பின்வாங்காமல் இறுகி நின்றால், கார் ஓடும் நேரமெல்லாம் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். ஒரு சக்கரம் மட்டும் மிகுதியாகச் சூடாவது, கருகிய வாடை வருவது, கார் ஒரு பக்கமாக இழுப்பது, மைலேஜ் குறைவது ஆகியவை இதன் அடையாளங்கள்.

பேட் ஆப்பு வடிவில் சாய்வாகத் தேய்ந்திருந்தால் காலிப்பரோ அதன் பின்களோ நேராக இல்லை எனப் பொருள். பின்சக்கரங்கள் இரண்டும் முன்சக்கரங்களைவிட விரைவாகத் தேய்ந்தால் ஹேண்ட் பிரேக் கேபிள் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். எனினும் மின்னணுக் கட்டுப்பாடுகள் கொண்ட சில புதிய கார்களில் பின்சக்கர பிரேக்குக்குக் கூடுதல் வேலை தரப்படுவதால், அதனை மட்டும் வைத்துக் குறைபாடு என முடிவு செய்யக் கூடாது. பிரேக் பிடிக்கும்போது பெடல் அதிர்ந்தால், டிஸ்க்கின் தடிமன் சீராக இல்லாமலோ டிஸ்க் தட்டையாக அமராமலோ இருக்கலாம்.

நான்கு சக்கரங்களிலும் சீராகத் தேய்ந்திருந்தால் உரிமையாளரின் வாதம் வலுவிழக்கிறது. அந்நிலையில் எஞ்சும் கேள்வி, பேட்டின் உராய்வுப் பொருளே தரக்குறைவானதா என்பது. அதே மாடலை வாங்கிய பலருக்கும் இதே சிக்கல் இருந்தால் மட்டுமே அதனை வலியுறுத்துவது எளிது.

உத்தரவாதப் புத்தகம் என்ன சொல்கிறது?

கார் நிறுவனங்களின் உத்தரவாதம் பொதுவாக மூலப்பொருளிலோ தயாரிப்பு வேலையிலோ உள்ள குறைபாட்டுக்கானது. பிரேக் பேட், பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், வைப்பர் போன்றவை இயல்பான தேய்மானத்துக்கு உட்பட்டவை என்று விலக்கப்பட்டிருக்கும். இங்கே ‘இயல்பான’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். காலிப்பரின் குறைபாட்டால் தேய்ந்த பேட் இயல்பாகத் தேய்ந்ததாகாது.

காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் ஆகியவை பொதுவாகத் தேய்மானப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. எனவே அவற்றில் குறைபாடு இருப்பது உறுதியானால் அவற்றை இலவசமாக மாற்றித் தருவதுடன், அதன் விளைவாகக் கெட்டுப்போன பேட்டையும் டிஸ்க்கையும் மாற்றித் தருமாறு கோரலாம். ஒவ்வொரு நிறுவனத்தின் நிபந்தனைகளும் வேறுபடும் என்பதால், கோரிக்கை எழுதும் முன் உத்தரவாதப் புத்தகத்தில் விலக்குகள் பற்றிய பக்கத்தை முழுமையாகப் படிப்பது அவசியம்.

வெளியே உள்ள மெக்கானிக்கிடம் ஒருமுறை வேலை செய்ததால் உத்தரவாதமே ரத்தாகிவிட்டது எனக் கூறப்படுவதும் உண்டு. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்த உத்தரவில் இதைப் பற்றியும் கூறியுள்ளது. வெளி மெக்கானிக்கிடம் சென்றார் என்பதற்காக மட்டுமே உத்தரவாதத்தை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது. தவறான பழுதுபார்ப்பால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம் என்பது அதன் சாரம். அந்த உத்தரவை எதிர்த்து மேல்முறையீடுகள் செய்யப்பட்டன. போட்டிச் சட்டத்தின் கீழ் பிறந்த உத்தரவு என்றாலும், நுகர்வோர் தம் வாதத்துக்குத் துணையாக அதனைச் சுட்டிக்காட்டலாம்.

உற்பத்தியாளரா, டீலரா?

முறையீடு செய்வோர் பலர் கார் நிறுவனத்தையும் டீலரையும் ஒன்றாகவே கருதுகின்றனர். சட்டம் அவ்வாறு கருதுவதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(10) பொருளில் உள்ள குறைபாட்டையும், பிரிவு 2(11) சேவையில் உள்ள குறைபாட்டையும் தனித்தனியே வரையறுக்கின்றன. காலிப்பர் தொழிற்சாலையிலிருந்தே பழுதாக வந்திருந்தால் அது பொருளின் குறைபாடு. சர்வீஸின்போது காலிப்பர் பின்களைச் சுத்தம் செய்யாமலே செய்ததாகக் கட்டணம் வசூலித்திருந்தாலோ, ஹேண்ட் பிரேக்கை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தாலோ அது சேவைக் குறைபாடு. அதற்கு முதற்பொறுப்பு டீலர்.

பழைய மாடல் காரைப் புதியது என்று டீலர் விற்றதாக எழுந்த வழக்கொன்றில், உச்ச நீதிமன்றம் 2021-ஆம் ஆண்டு டாடா மோட்டார்ஸ் நிறுவனத்தை அந்தப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. நிறுவனத்துக்கும் டீலருக்கும் இடையே இருப்பது வாங்கி விற்கும் இரு தனித் தரப்பினரின் உறவு என்பதும், டீலரின் செயலில் நிறுவனத்துக்குப் பங்கு இருந்ததாகக் குறிப்பான குற்றச்சாட்டோ ஆதாரமோ இல்லை என்பதும் அதற்கான காரணங்கள். ஆகவே காரணம் எங்கே உள்ளது எனத் தெளிவாகத் தெரியாத நிலையில் இருவரையும் எதிர்தரப்பினராகச் சேர்ப்பதும், ஒவ்வொருவர் மீதும் உள்ள குறையைத் தனித்தனியே குறிப்பிடுவதும் பாதுகாப்பானது.

பேட்டைக் கழற்றும் முன் செய்ய வேண்டியவை

குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு முறையிடுபவருடையது. பழைய பேட் போன பிறகு, வாய்ச்சொல்லைத் தவிர வேறொன்றும் மிஞ்சுவதில்லை. எனவே பின்வருவனவற்றைச் செய்துகொள்வது நல்லது.

1. நான்கு சக்கரங்களிலும் உட்புற, வெளிப்புற பேட்களின் தடிமனைத் தனித்தனியே மி.மீ. அளவில் அளந்து ஜாப் கார்டில் எழுதச் சொல்ல வேண்டும். டிரம் பிரேக் எனில் ஷூக்களின் அளவு. ‘பேட் தேய்ந்துள்ளது’ என்ற ஒற்றை வரி போதாது.

2. ஓடோமீட்டர், பேட், டிஸ்க், காலிப்பர் ஆகியவற்றைத் தேதியுடன் படம் எடுக்க வேண்டும். எந்தச் சக்கரம் என்பது படத்தில் தெரிய வேண்டும்.

3. பழைய பாகங்களைத் திரும்பத் தருமாறு எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். உத்தரவாதத்தில் மாற்றினால் நிறுவனம் அவற்றை வைத்துக்கொள்ளலாம். பணம் கொடுத்து மாற்றினால் கேட்டு வாங்குவதில் தயக்கம் வேண்டியதில்லை. சக்கரத்தின் பெயர் எழுதித் தனித்தனி உறையில் வைப்பது நலம்.

4. உத்தரவாதம் மறுக்கப்பட்டால், எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கப்படுகிறது என்பதை மின்னஞ்சலில் தருமாறு கோர வேண்டும்.

5. முந்தைய சர்வீஸ் ரசீதுகள் அனைத்தையும் சேர்த்து வைக்க வேண்டும். ஆறு மாதங்களுக்கு முந்தைய சர்வீஸில் ‘பிரேக் நல்ல நிலையில் உள்ளது’ என எழுதப்பட்டிருந்தால், அதுவே வலுவான ஆவணம்.

கோரிக்கையின் சொற்களும் முக்கியமானவை. ‘பிரேக் சீக்கிரம் தேய்ந்துவிட்டது, இலவசமாக மாற்றித் தரவும்’ என்று எழுதினால், தேய்மானப் பொருள் என்ற பதிலே வரும். ‘இடது முன்சக்கர உட்புற பேட் 2 மி.மீ., வலது முன்சக்கர பேட் 8 மி.மீ. உள்ளது, இந்த வேறுபாட்டின் காரணத்தை ஆராய்ந்து எழுத்தில் தெரிவிக்கவும்’ என்று எழுதினால், காரணத்தைக் கூற வேண்டிய கட்டாயம் எதிர்தரப்புக்கு உண்டாகிறது.

பிரேக் தீர்ப்புக்காகக் காத்திருக்காது

தகராறு முடியும் வரை தேய்ந்த பேட்டுடன் காரை ஓட்டுவது ஆபத்தானது. உராய்வுப் பொருள் முற்றிலும் தீர்ந்தபின் பேட்டின் இரும்புத் தகடு டிஸ்க்கை அரிக்கும். நிறுத்தும் தூரம் கூடும். டிஸ்க்கும் வீணாகிச் செலவு பெருகும். எச்சரித்த பின்னரும் தொடர்ந்து ஓட்டியதால்தான் சேதம் பெருகியது என்று எதிர்தரப்பு வாதிடவும் அது இடம்தரும்.

பணம் கொடுத்து மாற்றிக்கொள்வதால் உரிமை போய்விடும் என்ற அச்சமும் தேவையற்றது. ‘என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்பைப் பதிவு செய்து இத்தொகையைச் செலுத்துகிறேன்’ என்று ரசீதின் நகலிலும் மின்னஞ்சலிலும் குறிப்பிட்டுவிட்டு வேலையை முடிக்கலாம். பேட்டுடன் நில்லாமல், காலிப்பரையும் பின்களையும் சோதித்து, மீண்டும் 1,000 கி.மீ. ஓடியபின் தடிமனை அளக்கச் சொல்வது நல்லது. புதிய பேட்டும் அதே பக்கம் விரைவில் தேய்ந்தால், காரணம் காரில் உள்ளது என்பதற்கு அதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

முறையீட்டின் படிகள்

முதலில் சர்வீஸ் சென்டர் மேலாளருக்கும், பின்னர் கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கும் எழுத்தில் முறையிட வேண்டும். பதில் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யலாம். இந்த உதவி மையம் தீர்ப்பளிக்கும் அமைப்பன்று. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பி, வழக்குக்கு முன்பே தீர்வு காண முயலும் ஏற்பாடு அது. செலவு சில ஆயிரங்களில் அடங்கும் தகராறுகளில் முதலில் முயன்று பார்க்க வேண்டிய வழி இதுவே.

அதுவும் பயனளிக்காவிட்டால் சட்ட அறிவிப்பு அனுப்பி, நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். பொருளுக்குச் செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமும், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையமும், அதற்கும் மேற்பட்டால் தேசிய ஆணையமும் விசாரிக்கும். செலுத்திய விலை 5 லட்சம் வரை எனில் கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய், 50 லட்சம் வரை 1,000 ரூபாய். நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும், முறையிடுபவர் வசிக்கும் இடத்திலோ பணிபுரியும் இடத்திலோ உள்ள ஆணையத்தில் மனு அளிக்க 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்துள்ளது. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம்; வழக்கறிஞர் கட்டாயமில்லை.

வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும். எதிர்தரப்புக்குப் பதிலளிக்க 30 நாள்களும், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள்களும் உண்டு. சோதனை தேவைப்படாத வழக்குகளை 3 மாதங்களிலும், தேவைப்படுபவற்றை 5 மாதங்களிலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிடக் காலம் பிடிப்பதுண்டு.

வணிக நோக்கில் வாங்கிய காருக்கு நுகர்வோர் என்ற தகுதி கிடைக்காது. ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே காரைப் பயன்படுத்துபவர் நுகர்வோரே. சொந்தக் காரைத் தாமே ஓட்டிப் பிழைக்கும் டாக்சி ஓட்டுநர்கள் இதனை அறிந்திருப்பது நல்லது.

நிபுணர் அறிக்கையும் நிவாரணமும்

சோதனையின்றிக் குறைபாட்டைத் தீர்மானிக்க இயலாதபோது, பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாள்களுக்குள் அறிக்கை பெறச் சட்டத்தின் பிரிவு 38 வழிவகுக்கிறது. இதற்கான கட்டணத்தைச் செலுத்துமாறு முறையிடுபவரிடம் ஆணையம் கூறலாம். ஃபியட் இந்தியா நிறுவனம் தொடர்பான வழக்கொன்றில் 2010-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், சார்பற்ற தொழில்நுட்ப நிபுணர் ஒருவர் காரைச் சோதித்து உற்பத்திக் குறைபாடு உண்டெனக் கண்டால் விலையைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. நிறுவனத்தின் சொந்தப் பொறியாளர் தரும் அறிக்கைக்கும் சார்பற்றவர் தரும் அறிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை இது உணர்த்துகிறது.

எதிர்பார்ப்பு அளவோடு இருப்பதும் அவசியம். மாருதி உத்யோக் நிறுவனம் தொடர்பான 2006-ஆம் ஆண்டு வழக்கில், பழுதான பாகத்தை மாற்றித் தருவதே உத்தரவாதத்தின் கடமை, முழுக் காரையும் மாற்றித் தருவது அன்று என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பிரேக் தகராறில் பெரும்பாலும் கிடைக்கக்கூடியது பாகங்களின் விலை, வேலைக்கூலி, அலைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவையே. பாதுகாப்பு அம்சமே செயலிழந்தால் நிலைமை மாறலாம். விபத்தில் காற்றுப்பை விரியாத வழக்கில் காரை மாற்றித் தருமாறு இடப்பட்ட உத்தரவை எதிர்த்து ஹூண்டாய் நிறுவனம் செய்த மேல்முறையீட்டை 2022-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மோதலின் விசையைக் கணக்கிடும் இயற்பியல் அறிவை நுகர்வோரிடம் எதிர்பார்க்க முடியாது என்பது அத்தீர்ப்பின் கருத்து.

2019-ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாகச் சேர்த்த ‘பொருள் பொறுப்பு’ அத்தியாயம், குறைபாட்டால் உடலுக்கோ வேறு சொத்துக்கோ தீங்கு நேர்ந்தால் பயன்படும். அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட சேதம் அந்த அத்தியாயத்தின் ‘தீங்கு’ என்ற வரையறைக்குள் வராது. பிரேக் செயலிழந்து விபத்து நேர்ந்தால் அந்த வழி. பேட்டும் டிஸ்க்கும் மட்டுமே வீணானால் பொருள் குறைபாடு, சேவைக் குறைபாடு என்ற வழி.

ஒரே குறை பலருக்கும் இருந்தால்

பிரேக் குறைபாடு சாலையில் செல்லும் பிறரையும் பாதிக்கும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு 110ஏ, ஓட்டுநருக்கோ பயணிகளுக்கோ சாலையைப் பயன்படுத்தும் மற்றவர்களுக்கோ தீங்கு விளைவிக்கக்கூடிய குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு உற்பத்தியாளருக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கிறது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு இவை பொருந்தும். கட்டாயமாகத் திரும்பப் பெற உத்தரவிடப்பட்டால் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. குறிப்பிட்ட எண்ணிக்கையில் உரிமையாளர்களின் புகார்கள் சேர்ந்த பிறகே நடவடிக்கை தொடங்கும் என்பதால், ஒவ்வொரு தனிப் புகாருக்கும் மதிப்பு உண்டு. ஒரே நலன் கொண்ட பலர், ஆணையத்தின் அனுமதியுடன் கூட்டாக மனு அளிக்கவும் நுகர்வோர் சட்டம் இடம்தருகிறது.

பேட் ஒரு தேய்மானப் பொருள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அது தேய்ந்த விதமும் வேகமும் மட்டுமே கேள்விக்குரியவை. அடுத்த சர்வீஸுக்குக் காரை விடும்போது, சிக்கல் எதுவும் இல்லாவிட்டாலும், பேட்களின் தடிமனை அளந்து எழுதச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்வதற்குக் கூடுதல் செலவு அதிகமில்லை. பின்னர் தகராறு எழுந்தால், தேய்மானம் எப்போது தொடங்கியது என்பதைக் காட்டும் முதல் ஆவணம் அதுவாகவே இருக்கும்.